வாளிக்குக் கிடைத்த வைத்தியம்

புதுக் கட்டடத்தின் கதவு திறந்துதான் இருந்தது. கட்டடம்தான் இன்னும் திறக்கவில்லை.

இதில் குழம்ப ஒன்றுமில்லை. கதவைச் செய்தவர் தச்சர். யார் தள்ளினாலும் திறக்கும். கட்டடத்தைக் கட்டியது அரசாங்கம். அமைச்சர் வந்தால்தான் திறக்கும். முதல் தேதி கொடுத்தபோது வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். அமைச்சர் வரவில்லை. இரண்டாவது தேதிக்கும் வரவில்லை. மூன்றாவது தேதியை அவரே மறந்துவிட்டார். அடுத்த தேதி வரைக்கும் ரிப்பனை அவிழ்த்து வைக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். ரிப்பன் வாசலை விட்டு விலகினால் அதுவே திறப்பு ஆகிவிடாதா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டாமவர் மேலதிகாரி. ஆகவே ரிப்பன் அங்கேயே நின்றது. அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒரு வாட்ச்மேனை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே எட்டு டயாலிசிஸ் மெஷின்கள் பளபளவென்று நின்றன. அவற்றுக்கு வாட்ச்மேன் கிடையாது. ரிப்பனுக்கு மட்டும்தான்.

பழைய கட்டடத்தில் இரண்டு மெஷின்கள். ஒன்று எப்போதோ நின்றுபோய், அதன்மேல் நர்சுகள் பைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று மனசு வைத்தால் ஓடும். இந்த வாரம் அது மனசு வைக்கவில்லை.

அந்தப் பழைய கட்டடத்துக்கு வெளியே பெஞ்சில் இஸ்திரிக்காரி தன் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரித் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கிறவள். புருஷன் பெயின்டர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து மெஷின்தான் அவனுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. போன முறை நடக்கவில்லை. அதற்கு முந்தியதும் பாதியில் நின்றது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியிருந்தான்.

டியூட்டி டாக்டர், இஸ்திரிக்காரியின் வயதிருக்கும் பெண், அவன் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கப் படித்திருந்தாள்; ஆனால் அந்தப் பாடத்தில் அவ்வளவு மார்க் வாங்கியிருக்கவில்லை.

"இன்னைக்கு டயாலிசிஸ் ஓட்டியாகணும். நாளைக்குன்னு தள்ளினா நுரையீரல் முழுக்கத் தண்ணி ஏறிடும்."

எங்கே ஓட்டுவது என்று இஸ்திரிக்காரி கேட்டாள். பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றாள் டாக்டர். ஆம்புலன்ஸ்? அது அமைச்சரின் காருக்குப் பின்னால் போகும் டியூட்டியில் இருந்தது. அமைச்சருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? தனியார் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே எவ்வளவு கொண்டுவந்திருக்கிறீர்கள் என்பார்கள். போய் அவமானப்பட்டுத் திரும்ப அவனுக்கு மூச்சு இல்லை.

பெயின்டர் எதிரே இருந்த புதுக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள இருக்கிற செவுரு பூரா நான் அடிச்சது" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. "அன்னைக்கு என்னை உள்ள விட்டாங்க."

"அன்னைக்கு உங்க கையில பிரஷ் இருந்துச்சு."

"இப்ப சீக்கு இருக்கு. அதான் விட மாட்டேங்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குச் சீக்கோட வந்தது என் தப்புதான்."

அவள் எழுந்து ஆபீசுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை; உட்காரக்கூடச் சொன்னார். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

"இங்க பாரும்மா. திறக்காத மெஷின் அரசாங்கச் சொத்து. திறந்த மெஷின் அரசாங்கத் திட்டம். சொத்தைப் பாதுகாக்கணும். திட்டத்தைப் பயன்படுத்தணும். மாத்திப் பண்ணினா ரெண்டுமே கெட்டுடும்."

"அவருக்கு மூச்சு வாங்குது சார்."

"எனக்கு வாங்கலையா? அந்த ரிப்பன் கட்டின நாள்லேர்ந்து எனக்கு நிம்மதி கிடையாது. வெயில்ல, பனியில சுருங்கிப் போய்க் கிடக்கு. இந்த வாரம் எப்ப வேணாலும் அமைச்சர் வரலாம்னு சொல்றாங்க. சுருங்கின ரிப்பனை எந்த முகத்தோட நான் வெட்டச் சொல்றது?"

பிறகு அவர், எல்லோரிடமும் கேட்கும் வழக்கப்படி, என்ன தொழில் என்று கேட்டார். சொன்னாள். அவள் உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாகக் கண்காணிப்பாளர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

ரிப்பனைத் தேய்த்துக் கொடுத்தால் அவள் விஷயத்தை யோசிக்கலாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது லஞ்சம். அவர் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவள் தெருமுனைக்கு ஓடி, வண்டியிலிருந்து கரி இஸ்திரிப்பெட்டியைக் கங்கு போட்டு எடுத்து வந்தாள்.

ரிப்பனை அவிழ்த்துத் தேய்க்கக் கூடாது, காரணம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆகவே அது வாசலுக்குக் குறுக்கே கட்டியபடியே இருக்க, அட்டெண்டர்கள் இருவர் பின்பக்கம் ஒரு பலகையைத் தாங்கிப் பிடித்தார்கள். பலகை சாய்ந்துவிடாமல் வாட்ச்மேன் மேற்பார்வை பார்த்தார். கண்காணிப்பாளர் கொஞ்சம் தள்ளி நின்று, "மெதுவாம்மா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரசவ வார்டில்கூட அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவ்வளவு மென்மையாக அதைச் சொன்னதில்லை.

அவள் கை தேய்த்தது. கண் பெஞ்சில் இருந்தது. அவன் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். வேகமாகத் தேய்த்தால் ரிப்பன் கருகும். கருகினால் கதை முடிந்தது. கைக்கு அவசரம் வரவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

ரிப்பனின் நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் உள்ளே பார்த்தாள். மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு எரிகிறது, சக்கரம் சுற்றுகிறது, குழாய்களில் தண்ணீர் ஓடுகிறது. குழாய்கள் போய்ச் சேர்ந்த இடத்தில், சாய்வு நாற்காலியின்மேல், ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கம்பெனி அனுப்பிய மெஷின்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்காணித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். மெஷினைச் சும்மா நிறுத்தினால் உள்ளே அடைத்துக்கொள்ளும், தினமும் ஓட்டியாக வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றார். "காலையில ஒரு ஷிப்ட், மத்தியானம் ஒரு ஷிப்ட். ஒவ்வொரு மெஷினா மாத்தி மாத்தி."

"வாளிக்கா?"

"வாளிக்குத்தான்."

"நாலு மணி நேரமும்?"

"குறைச்சா ரிப்போர்ட்ல கேப்பாங்கம்மா."

அவள் பெட்டியைப் பலகையிலிருந்து எடுத்தாள். ரிப்பன் புதுசுபோல் விறைப்பாக நின்றது. கண்காணிப்பாளர் கண்ணில் லேசாக ஈரம் தெரிந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சார். அந்த வாளி உக்காந்திருக்கிற எடத்துல என் வீட்டுக்காரர் உக்காரக் கூடாதா?"

உடனே கூட்டம் கூடியது. அதாவது, கண்காணிப்பாளர் அறையில் கண்காணிப்பாளர், டியூட்டி டாக்டர், ஸ்டோர்காரர் மூவரும் உட்கார்ந்தார்கள். இஸ்திரிக்காரி நின்றாள். பெயின்டரையும் அறை வாசலில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவன் மூச்சு விடும் சத்தம் கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் கதவைச் சாத்தினார்கள்.

திறப்பு விழாவுக்கு முன் நோயாளி யாரையும் அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவில் தெளிவாக இருந்தது. அதே உத்தரவின் அடுத்த பத்தியில், திறப்பு விழா வரை சோதனை ஓட்டத்துக்குத் தேவையான பொருட்களைப் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. வாளி அந்தப் பத்தியின் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது.

"பொருள்னா உயிர் இருக்கலாமா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம்.

டாக்டர் உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "இருக்கக் கூடாதுன்னு எழுதல சார்."

"நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

"நாளைக்கு அவர் உயிரோட இல்லன்னா அதையும் கேப்பாங்க சார். ஆஸ்பத்திரி வளாகத்துல, மெஷினுக்கு எதிர்ல."

கண்காணிப்பாளர் யோசித்தார். நோயாளி செத்தால் அது நோய். பெஞ்சில் செத்தால் அது பேப்பரில் வரும். பொருளாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முடிவானதும் ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார். எந்தப் பொருளும் ஸ்டோர் வழியாகத்தான் போக வேண்டும். வாளியே அப்படித்தான் போனது.

பெயின்டரை ஸ்டோருக்குக் கொண்டுபோய் மூட்டை நிறுக்கும் தராசில் உட்கார வைத்து எடை போட்டார்கள். ஸ்டோர்காரர் கேள்வி கேட்கக் கேட்க இஸ்திரிக்காரி பதில் சொன்னாள். பொருளிடம் நேராகக் கேட்கும் வழக்கமில்லை. நிறம் என்ன? அவன் போட்டிருந்த சட்டை நீலம். அதையே எழுதிக்கொண்டார், முந்தைய பொருளோடு பொருந்தியதில் அவருக்குத் திருப்தி. கைப்பிடி உண்டா? இரண்டு. கொள்ளளவு? அதற்கு டாக்டர் பதில் சொன்னாள்: கொள்ள வேண்டியதைவிட நாலு லிட்டர் கூடவே கொண்டிருக்கிறது, சீக்கிரம் எழுதுங்கள். ஸ்டோர்காரர் சீக்கிரம் எழுதுகிறவர் இல்லை.

"உத்தரவாதக் காலம்?"

இஸ்திரிக்காரிக்குப் புரியவில்லை.

"பொருள் எத்தனை நாள் தாங்கும்னு போடணும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. அவன் கண்ணைத் திறந்து, ஸ்டோர்காரரைப் பார்த்து, "கொஞ்சம் கூடவே போடுங்க சார்" என்றான்.

பொருள் பேசியதை ஸ்டோர்காரர் கண்டுகொள்ளவில்லை. கோடு ஒன்று போட்டுவிட்டு, சப்ளையர் என்ற இடத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பொருளில் பழுது இருந்தால் சப்ளையரே சொந்தச் செலவில் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அதன் கீழே அச்சடித்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அவளிடம் இவ்வளவு வெளிப்படையாக யாரும் பேசியதில்லை. போட்டாள்.

ஸ்ட்ரெச்சர் நோயாளிகளுக்கு மட்டும். ஆகவே மருந்துப் பெட்டிகள் ஏற்றும் தள்ளுவண்டியில் அவனை உட்கார வைத்துத் தள்ளினார்கள். புதுக் கட்டட வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று, ரிப்பனை இரண்டு விரலால் நகம் படாமல் தூக்கிப் பிடித்தார். "தலை, தலை, ரிப்பனைப் பாத்து" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் குனிந்தான். குனிந்தபோது மூச்சு நின்றது. வண்டி ரிப்பனைக் கடந்தபின் அந்த மூச்சு, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப வந்தது.

வாளியை நாற்காலியிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தார் மெஷின்காரர். அதன் உடல்நிலை மிக நன்றாக இருந்தது.

ஊசியை டாக்டரே குத்தினாள். நர்சுகளுக்கு இந்தக் கட்டடத்தில் டியூட்டி போடவில்லை. குழாயில் தண்ணீருக்குப் பதில் சிவப்பு ஏறியதும் மெஷின்காரர் தன்னையறியாமல் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். இத்தனை நாளில் மெஷினுக்கு முதல்முறையாக வேலை கிடைத்திருந்தது. இஸ்திரிக்காரி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போல் ஆனதும், ஏறி இறங்குவதற்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. நல்ல இடைவெளி. டாக்டரும் அதைப் பார்த்தாள்.

அப்போது கண்காணிப்பாளர் ரிப்பனுக்கடியில் தவழ்ந்து உள்ளே வந்தார். மூச்சு அவருக்கு இரைத்தது. அமைச்சர் வேறு எங்கேயோ போகிற வழியில் இருக்கிறார். நடுவில் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் இந்தக் கட்டடத்தைத் திறந்துவிடுவது என்று காருக்குள்ளேயே முடிவாகியிருக்கிறது.

"கழட்டுங்க" என்றார்.

மெஷின்காரர் முடியாது என்று சொல்லவில்லை. பாதியில் நிறுத்தினால் குழாயில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி ஏற்ற வேண்டும், அதற்கு நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னார்.

"எவ்வளவு ரத்தம் இருக்கும் அதுல?"

"ஒரு டம்ளருக்குக் குறையாது சார்."

"ஒரு டம்ளர்தானே" என்றார் கண்காணிப்பாளர்.

டாக்டர் எழுந்து அவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றாள். இன்னும் பாதித் தண்ணீர்கூட இறங்கவில்லை, இப்போது எடுத்தால் ராத்திரி தாங்க மாட்டார் என்றாள். கண்காணிப்பாளர் அவளுடைய பதவி உயர்வைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அவள் நகரவில்லை. வெளியே சைரன் கேட்டது. வேறு வழியில்லாமல் கண்காணிப்பாளர், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு பெரிய பச்சைத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். மெஷினையும் நாற்காலியையும் பெயின்டரையும் சேர்த்து மொத்தமாக மூடினார்கள்.

"முகத்தை மூடாதீங்க சார்" என்றாள் இஸ்திரிக்காரி.

"முகம் தெரிஞ்சா அது நோயாளிம்மா. மூடினா பொருள். பத்து நிமிஷம்."

அவளை வாசலில் கொண்டுபோய் ரிப்பனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கடைசி நேரத்தில் ரிப்பன் சுருங்கினால் இழுத்துவிட ஆள் வேண்டும். அங்கிருந்து பச்சைத் துணி நன்றாகத் தெரிந்தது. அது மூக்கு இருக்கும் இடத்தில் உள்ளே ஒட்டியது, விட்டது, ஒட்டியது.

அமைச்சர் வந்தார். கத்தரிக்கோலைக் கையில் வாங்கினார். போட்டோகிராபர் வெளிச்சம் சரியில்லை என்றதால் வெட்டுவதுபோல் வைத்துக்கொண்டே பேசினார்.

"இந்த மெஷின்களைப் பாருங்கள். வாங்கி எத்தனை மாதம் ஆகிறது! இன்றுவரை ஒரு நோயாளியின் கைகூட இவற்றின்மேல் பட்டதில்லை. ஒரு கீறல் இல்லை. மக்கள் சொத்தை மக்களிடமிருந்தே இவ்வளவு கவனமாகப் பாதுகாத்த ஒரு நிர்வாகத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?"

யாரும் பார்த்ததில்லை. கை தட்டினார்கள்.

ரிப்பன் வெட்டுப்பட்டு இரண்டாகத் தொங்கியது. எல்லோரும் உள்ளே போனார்கள். முதல் மெஷினில், முதல் நோயாளியாகக் காட்டுவதற்கு, ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கையில் பிளாஸ்திரி மட்டும் ஒட்டியிருந்தது, அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் அருமையாக வேலை செய்தன. இப்போது எப்படி இருக்கிறது என்று அமைச்சர் விசாரித்தார். அமைச்சரைப் பார்த்ததும் குணமாகிவிட்டதுபோல் இருக்கிறது என்றான் டிரைவர். அந்த விழாவில் சொல்லப்பட்ட ஒரே மருத்துவ உண்மை அதுதான்.

பிறகு அமைச்சர் பச்சைத் துணிக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன, ஓடுற சத்தம் கேக்குது?"

"சோதனை ஓட்டம் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

அமைச்சருக்கு இயந்திரங்கள் பிடிக்கும். துணியின்மேல் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். கை வைத்த இடம் பெயின்டரின் முழங்கால். போட்டோகிராபர், அப்படியே இருங்கள் சார் என்றான். அப்படியே இருந்தார். துணி உள்ளே ஒட்டியது. விடவில்லை. வாசலில் நின்ற இஸ்திரிக்காரி தொங்கிய ரிப்பனைக் கையில் சுருட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள், விரல் வெளுத்திருந்தது. பிறகு துணிக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது, ஈரமான, நீளமான இருமல்.

அமைச்சர் கையை எடுத்தார்.

"கம்ப்ரஸர் சார்" என்றார் மெஷின்காரர். "சூடாகும்போது அப்படித்தான் இருமும்."

"சூடாச்சுன்னா தொறந்து வைங்கப்பா. காத்து வேணாமா?" என்றார் அமைச்சர். அவர் ஆட்சிக்காலத்தில் கொடுத்த மிகச் சிறந்த உத்தரவு அது. கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் தீர்ந்திருந்தது. கார்கள் கிளம்பின. ஆம்புலன்ஸும் பின்னாலேயே போனது.

டாக்டர் ஓடிவந்து துணியை உருவினாள். அவன் முகம் வேர்த்துக் கொட்டியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. இஸ்திரிக்காரி உள்ளே வந்து முந்தானையால் துடைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் பாதிக்கு மேல் மிச்சம்.

கண்காணிப்பாளர் வெற்றியிலிருந்து இறங்காத முகத்தோடு வந்து நின்றார். பெரிய பாரம் இறங்கிய மனிதர். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "சரி, இப்பக் கழட்டுங்க."

இப்போது எதற்கு என்று டாக்டர் கேட்டாள். கட்டடம்தான் திறந்துவிட்டதே.

"அதுக்குத்தாம்மா. சோதனை ஓட்டம் திறப்பு விழா வரைக்கும்தான். விழா முடிஞ்சுது, சோதனை முடிஞ்சுது. திறந்த கட்டடத்துல பொருளை வெச்சு ஓட்டினா நான் உள்ள போயிடுவேன்."

அப்படியென்றால் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தாராளமாக, அதற்குத்தானே கட்டடம் என்றார் அவர். டோக்கன் போட வேண்டும். டோக்கன் போட ஆள் போட வேண்டும். ஆள் போடுவதற்கான கோப்பு, கட்டடம் திறந்தபின்தான் மேலே போக முடியும், நாளைக்கே அனுப்பிவிடுவார். வந்துவிடும். அதுவரைக்கும் எட்டு மெஷினையும் நிறுத்தி வைப்பதுதான் முறை. மெஷின்காரரைப் பார்த்து, சுவிட்ச் பக்கம் கையைக் காட்டினார்.

மெஷின்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று அவருக்கே தெரியாது. டாக்டர் குரலை உயர்த்தினாள். கண்காணிப்பாளர் தானே சுவிட்சை நோக்கி நடந்தார்.

"சார், கட்டடம் இன்னும் திறக்கல."

எல்லோரும் திரும்பினார்கள். இஸ்திரிக்காரி வாசலில் நின்றிருந்தாள். வெட்டுப்பட்ட ரிப்பனின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து, நடுவில் முடிச்சுப் போட்டிருந்தாள். ஒன்றுக்கு மூன்று முடிச்சு.

"என்ன பண்ணி வெச்சிருக்க? அவிழு அதை."

"ரிப்பனை அவிழ்க்க எனக்கு அதிகாரம் இல்ல சார்."

"அப்ப கட்ட மட்டும் இருந்துச்சா?"

"கட்டக் கூடாதுன்னு எதுலயும் எழுதலையே" என்றாள். கை முடிச்சின்மேலேயே இருந்தது. "நீங்களே எடுத்துப் பாருங்க சார்."

கண்காணிப்பாளருக்கு எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. உத்தரவு அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடி உள்ளுக்குள் புரட்டினார். எழுதியிருக்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார். வாட்ச்மேன் ரிப்பன் நிற்பதைப் பார்த்தவுடனேயே பழக்கத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இதைப் பாத்துக்கோன்னுதான் சார் ஆர்டர். அவிழ்த்துடுன்னு எழுதிக் குடுங்க, அவிழ்த்துடறேன்."

எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும். அமைச்சர் திறந்த கட்டடத்தை, அதே நாளில், அமைச்சரின் அனுமதியில்லாமல், மறுபடியும் திறக்கச் சொன்ன கையெழுத்து. கண்காணிப்பாளர் வாசலுக்கு வந்தார், கை தானாகவே முடிச்சுவரை போனது. சாயங்கால வெயில் வாசலில் பளிச்சென்று அடித்தது. யாராவது போன் வைத்துப் படம் எடுத்துவிட்டால்? கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கட்டியிருக்கிற வரைக்கும்..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"சோதனை ஓட்டம் சார்" என்றாள் டாக்டர்.

"எழுத்துல அப்படித்தான் வருது" என்றார். அவர் முகத்தில் இருந்தது தோல்வி இல்லை. விதி ஒன்று தன்னைக் கைவிடாமல் காப்பாற்றிவிட்ட ஆறுதல். அமைச்சரிடம் புதுத் தேதி கேட்டு இன்றைக்கே எழுத வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே கிளம்பினார். குனிந்து போகும்படி வாட்ச்மேன் அவரைக் கேட்டுக்கொண்டார். குனிந்து போனார்.

இஸ்திரிக்காரி திரும்பி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கி மெஷின்காரர் விளக்கைப் போட்ட நேரத்தில் பெயின்டர் தலையை நாற்காலியில் சாய்த்தான். சாய்ந்தும் மூச்சு முட்டவில்லை. அதை அவனே நம்பாமல் ஒருமுறை நிமிர்ந்து மறுபடியும் சாய்ந்து பார்த்தான். பிறகு வாயைத் திறந்து, இரண்டு ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்க ஆரம்பித்தான்.

வாசலில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. பழைய கட்டடத்துப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண். கல்லூரிப் பை தோளில் தொங்கியது. அவளுக்குப் பின்னால் இன்னும் சில பேர், ஆளுக்கு ஒருவரைத் தாங்கிப் பிடித்தபடி. எல்லோரும் ரிப்பனுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

"அக்கா" என்றாள் அந்தப் பெண், உள்ளே பார்த்து, சத்தம் வராமல். "எங்கப்பா அம்பத்தெட்டுக் கிலோ. நடக்க முடியாது, ஆனா உக்காருவாரு. பொருளா எடுத்துப்பாங்களா?"

இஸ்திரிக்காரி மெஷின்காரரைப் பார்த்தாள். அவர் அடுத்த மெஷினின் பிளாஸ்டிக் உறையை உருவத் தொடங்கியிருந்தார்.

"ரிப்பன்ல படாம குனியச் சொல்லு" என்றாள்.